காலையில் எனக்கு, ராத்திரி அவருக்கு

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் ஊர் முக்கில் ஜீப்புகள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். தேனி மாவட்டத்து மலையடிவார ஊர்கள் பலவற்றில் இதே காட்சிதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிற பெண்கள், கையில் சோற்றுத் தூக்குவாளியும் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையுமாக ஏறி, ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து மலையேறுவார்கள். இறங்கி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓபி காலையில் தொடங்கி மதியத்தோடு ஓய்ந்துவிடும். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பிபி, சுகர் பார்ப்பதும், பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை செய்வதும்தான் என் வேலை. ஆனால் நான் வேலைக்கு வருகிற நேரத்தில் அந்த முப்பதுகளும் நாற்பதுகளும் மேலே ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் தொற்றா நோய் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். ஒன்பது வருடம் ஆகிறது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது 'சுகர் பிபி ரூம்'.

பரிசோதனை என்பது சின்ன வேலை. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும், விரல் நுனியில் ஒரு குத்து, சுகர் தெரிந்துவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன கேட்கிறோம், அவர் பதில் சொல்லி முடிக்கிறவரை காத்திருக்கிறோமா என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு தோட்டத் தொழிலாளி அக்கா. அவர் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி. நோய் முற்றி வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே தேடிப் பார்க்கிற இந்த வேலை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2007ல் உலக வங்கி உதவியோடு சோதனை முறையில் தொடங்கியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தேனியும் தஞ்சாவூரும், ரத்த அழுத்தத்துக்கு சிவகங்கையும் விருதுநகரும். 2012ல் மாநிலம் முழுக்க வந்தது. அப்புறம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து மாத்திரையையும் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடம், 2020ல் மாநிலத்தில் எடுத்த கணக்கெடுப்பில் மூன்று பேரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, அப்படி இருந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். நூறு பேரில் ஏழெட்டுப் பேர். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இந்தக் கணக்கு ஏன் என்று எனக்கு அப்போது புரியவே இல்லை. இப்போது ஓரளவு புரிகிறது.

அந்த அக்கா முதலில் நோயாளியாக வரவில்லை. மாமியாருக்குக் காலில் புண், கட்டுப் போடக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட வருகிறவர்களையும் விடாமல் பார்க்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கை நீட்டிவிட்டுப் போகட்டும் என்று கூப்பிட்டேன். "எனக்கு என்னத்தா, நான் நல்லாத்தேன் இருக்கேன்" என்றார். வயது நாற்பத்தாறு.

இந்த இடத்தில் பிபி பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் தப்பாகப் பார்க்கிறது சர்வ சாதாரணம். வெயிலில் நடந்து வந்தவரை வந்த கையோடு உட்காரவைத்துப் பார்க்கக்கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படவேண்டும், காலுக்கு மேல் கால் போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்கவேண்டும். பட்டையை ஜாக்கெட் கைக்கு மேல் சுற்றக்கூடாது. அரைமணி நேரத்துக்குள் டீ, காபி குடித்திருக்கக்கூடாது, ஒன்றுக்குப் போகிற அவசரத்தோடு உட்கார்ந்திருக்கக்கூடாது. பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபியைக் காட்டும். ஒரு தரம் பார்த்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்க்கவேண்டும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது இத்தனையும் செய்ய முடியுமா என்று கேட்காதவர்கள் இல்லை. முடிகிற அளவு செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த எண் ஒருவரை ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிடவைக்கிற எண்.

அந்த அக்காவுக்கு 172/104. இரண்டாம் தரம் 168/102. மழையால் ஜீப் போகாத இன்னொரு நாளில் வரச்சொல்லிப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். டாக்டர் அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையை எழுதினார். நான் வழக்கமாக ஒப்பிக்கிறதை ஒப்பித்தேன்: உப்பைக் குறைங்க, ஊறுகா கருவாடு வேண்டாம், மாத்திரையை விடாதீங்க, மாசாமாசம் வந்துருங்க. தலையை ஆட்டினார். மாத்திரைக் கவரை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

மூன்று மாதம் அப்படியே இருந்தது. "மாத்திரை சாப்பிடுறீங்களா?" "சாப்பிடுறேன் நர்ஸம்மா." மறுபடியும் 170க்குப் பக்கம். நான் சத்தம் போட்டேன். ஒழுங்கா சாப்பிட்டா ஏன் இறங்கல என்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த மாதத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

நான்காம் மாதம் கூட்டம் இல்லை. பக்கத்து ஊரில் திருவிழா. அன்றைக்கு ஏனோ கேள்வியை மாற்றிக் கேட்டேன். மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து உடம்பில் என்ன மாற்றம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. செருப்பின் வார் ஓடிய இடம் பள்ளமாகப் பதிந்து கிடந்தது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறதாம், இப்போது வடிந்துகொண்டிருக்கிறதாம், முதலில் இதைவிட மோசமாம். "பிபி மாத்திர போட்டா கிட்னி போயிரும்னு தோட்டத்துல சொன்னாக. காலு வீங்குனா கிட்னிதானே? அதேன் பத்து நாளு போடுவேன், வீங்கவும் நிப்பாட்டிருவேன்."

அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்கவைக்கும். சின்ன ரத்தக்குழாய்களை அது விரிக்கிறபோது நீர் கசிந்து பாதத்தில் தங்குகிறது. கிட்னி கெட்டதால் வருகிற வீக்கம் வேறு. சந்தேகத்துக்கு ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தோம், கிட்னி நன்றாக இருந்தது. உண்மையில் கட்டுப்படாத பிபிதான் கிட்னியைக் கெடுக்கும், மாத்திரை அதைக் காப்பாற்றத்தான் கொடுக்கிறோம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால், 'கால் வீங்கினால் பயப்படாமல் வந்து சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருவோம்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்த நான்கு மாதம் வீணாகியிருக்காது. டாக்டர் எனாலாப்ரிலுக்கு மாற்றினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

வீக்கம் வடிந்தது. பிபி மட்டும் முழுதாக இறங்கவில்லை. 158/98, அடுத்த மாதம் 160/96. இப்போது நான் கவனமாக இருந்தேன். காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினேன். கணக்கு அச்சாக இருந்தது, ஒரு மாத்திரை கூட மிச்சமில்லை. டாக்டர் அளவைக் கூட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள், போகிற போக்கில், அந்த அக்கா சொன்னார்: "வீட்டுல அவருக்கு ரெண்டு மாசமா வறட்டு இருமல் நர்ஸம்மா. எல்லா டானிக்கும் வாங்கிக் குடுத்துட்டேன். திராட்சைக்கு மருந்தடிக்கப் போறாருல்ல, அதனாலயா இருக்கும்."

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே எங்களுக்கு முதலில் டிபிதான் ஞாபகத்துக்கு வரும். சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்து, ஆளைக் கட்டாயம் அனுப்புங்கள் என்றேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் வந்தார், முகத்தில் அந்தக் கடுப்பு தெரிந்தது. சளியில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். டாக்டர் கடைசியில், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா என்று கேட்டார். "இவ குடுக்கிற மாத்திரைய ராத்திரி போடுறேன், வேற ஒண்ணுமில்ல" என்றார் மனிதர்.

எனாலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நாங்கள் எல்லோரும் படித்ததுதான்.

நான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் மறைக்கவெல்லாம் இல்லை. "காலையில எனக்கு, ராத்திரி அவருக்கு. மெடிக்கல்ல பாத்தப்ப அவருக்கும் பிபி இருக்குன்னுட்டாக. இங்க வந்தா ஒரு நா கூலி போகுது. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே வியாதிதானே நர்ஸம்மா" என்றார். அவர் சொன்ன தொனியில் களவு ஏதும் இல்லை. இருப்பதை இரண்டாகப் பகிர்ந்து வாழ்ந்து பழகிய ஒருவர், மாத்திரையையும் பகிர்ந்திருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவுக்குப் பாதி அளவுதான் போயிருக்கிறது, நாங்களோ அதைக் கூட்டப் பார்த்தோம். கணவருக்கு கிட்னி எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் மாதக்கணக்கில் மருந்து போயிருக்கிறது. அட்டையை எண்ணத் தெரிந்த எனக்கு, வீட்டில் வேறு யாருக்கெல்லாம் பிபி இருக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை.

அதிலிருந்து என் கேள்விகள் மாறின. 'மாத்திரை சாப்பிடுறீங்களா' என்று கேட்பதே இல்லை, அதற்கு உலகத்தில் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு, எல்லாருக்கும் விட்டுப்போறதுதான்" என்று கேட்டால் உண்மை வரும். சொன்னது புரிந்ததா என்றும் கேட்பதில்லை. "வீட்டுக்குப் போனதும் மக கேட்டா, நர்ஸு என்ன சொன்னாகன்னு சொல்லுவீங்க?" என்பேன். அவர்கள் சொல்கிற பதிலில் நான் எங்கே கோட்டை விட்டேன் என்பது தெரிந்துவிடும். ஒரு பாட்டி "மாத்திரை போட்டா உப்பு எம்புட்டு வேணாலும் சேத்துக்கலாம்னீங்க" என்று சொன்னபோது திக்கென்றது.

உப்பு விஷயத்தில் எனக்கு ரொம்ப உதவியது ஒரு கணக்கு. உப்பைக் குறைங்க என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது, குறைச்சலாத்தான் போடுறோம் என்பார்கள். நான் கேட்பது, ஒரு கிலோ பாக்கெட் உங்க வீட்டில் எத்தனை நாள் வரும், எத்தனை பேர் சாப்பிடுறீங்க? உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வரவேண்டும். இதைக் கேட்டதும் பெண்கள் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள், சந்தைக்குப் போன நாளை வைத்து. "இருபத்தஞ்சு நாளுகூட வராதே" என்று அவர்களே சொல்வார்கள். அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பு தனி. தோட்டத்துக்குக் கொண்டுபோகிற சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் தவிர வேறு எது கெடாமல் தாங்கும் என்பது அவர்கள் பக்கத்துக் கேள்வி, நியாயமான கேள்வி. வேகவைத்த முட்டை, வறுத்த கடலை, துவையலில் பாதி உப்பு என்று பேசிப் பேசித்தான் ஒரு வழி பிடிக்கவேண்டும். ஊறுகாயை அடியோடு நிறுத்து என்று சொன்னால் அடுத்த மாதம் பொய்தான் கிடைக்கும்.

சுகருக்கும் இதே கதைதான். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு எப்போதும் தெம்பு கொடுக்கும். சர்க்கரை நோய் வரப்போகிற விளிம்பில் இருந்தவர்களை மூன்று வருடம் கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாடு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் அது 39.3 சதவீதம், மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. பேச்சு மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கிறது! ஆனால் எங்கள் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவந்து 'தினமும் அரைமணி நட' என்று சொல்ல முடியாது. நாள் பூராவும் மலைச்சரிவில் ஏறி இறங்குகிற பெண்ணிடம் நடையைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்தது: தோட்டத்தில் ஐந்தாறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி, குளிருக்கு அதுதான் துணை. ஒரு கரண்டியாக்க முடியுமா என்று கேட்டேன். பலர் முடியும் என்றார்கள், சிலர் செய்தும் காட்டினார்கள்.

சரி, ஜீப்புக்கு வருகிறேன். அந்த அக்கா கதைக்குப் பிறகு மெடிக்கல் ஆபீசரிடம் பேசி, மாதத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் முக்கில் ஒரு பெஞ்ச் போட்டு பிபி, சுகர் பார்க்க அனுமதி வாங்கினேன். கூட ஒரு தன்னார்வலர். முதல்நாள் டிரைவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஜீப்புக்கு முந்தியே வந்து காத்திருக்கிற பெண்களைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிடுவேன், அவர்கள் பேசாமல் இருக்கவேண்டிய ஐந்து நிமிடம் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும். மருந்தடிக்கப் போகிற ஆண்களும் வர ஆரம்பித்தார்கள், அந்த அக்காவின் வீட்டுக்காரர் உட்பட. அவருக்கு இப்போது தனி அட்டை, தனி மாத்திரை. இருமலைக் கொண்டுவராத மாத்திரை. இருமல் நின்றுவிட்டது. அக்காவுக்கு 136/84.

அந்தப் பெஞ்சில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றியும் பேசினேன். இதில்தான் எனக்கு நெடுநாள் தோல்வி. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து தோட்டத்துப் பெண்களில் சம்மதித்தவர்களை எண்ணிவிடலாம். விஷயம் என்னவோ எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, வினிகர் மாதிரியான திரவம்தான், பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி உள்ளே தங்கி அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். இது பலன் தரும் என்று உலகத்துக்குக் காட்டிய பெரிய ஆய்வே எங்கள் பக்கத்து மாவட்டத்தில், திண்டுக்கல்லில் நடந்ததுதான். அங்கே அம்பிளிக்கை என்ற ஊரிலிருந்து கிராமம் கிராமமாகப் போய், பயிற்சி பெற்ற நர்ஸுகளே முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். 2007ல் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் கால்பங்கு குறைந்திருந்தது, அதனால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஆயுளில் ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு!

அந்த ஆய்வில் பத்தில் ஒருவருக்கு வெள்ளையாகத் தெரிந்தது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. இதைப் பரிசோதனைக்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். செய்து முடித்து 'பாசிட்டிவ்' என்று சொன்னால், அப்புறம் நாம் சொல்கிற எதுவும் அந்தப் பெண்ணின் காதில் ஏறாது, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருப்பார், பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார்.

இத்தனையும் நான் பெஞ்சில் விளக்கினேன். எல்லோரும் கேட்டார்கள். யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. பயமா, வெட்கமா, வீட்டுக்காரர் விடமாட்டாரா என்று எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் அடுக்கிக் கேட்டேன். அந்த அக்காதான், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, சொன்னார்: "உங்க ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லையே நர்ஸம்மா. எவனாச்சும் சீட்டை நீட்டிக்கிட்டு உள்ள வந்துருவான்."

உண்மை. ஒன்பது வருடமாக நான் உட்காருகிற அறை. கதவு இருக்கிறது, திரை இருக்கிறது, மேஜை இருக்கிறது. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும். எத்தனையோ தரம் பரிசோதனை நடுவில் யாராவது கதவைத் தள்ளி, நான் உள்ளிருந்து "யாரு, வெளிய நில்லுங்க" என்று கத்தியிருக்கிறேன். கத்தியது எனக்கு ஞாபகமிருக்கிறது, மேஜையில் படுத்திருந்த பெண்ணின் முகத்தை அப்போது பார்த்ததாக ஞாபகமில்லை.

அன்று சாயந்தரமே கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன், எங்கள் ஆஸ்பத்திரி வேலையாள் அண்ணன் மாட்டிக்கொடுத்தார். ஜீப் போகாத ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று பெஞ்சில் சொல்லிவைத்தேன். முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். உள்ளே வந்த ஒவ்வொருவரும் முதலில் செய்தது, தாங்களே தாழ்ப்பாளைப் போட்டு, கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்ததுதான்.